வளவில் உருண்ட அண்டா: வீட்டுக் கதையைச் சிரிக்கும்படி எழுத ஜேம்ஸ் தர்பர் காட்டும் வழி

காரைக்குடிப் பக்கம் ஒரு சாந்திக் கல்யாணத்துக்கு, அதாவது அறுபதாம் கல்யாணத்துக்கு, போய் இரவு தங்கியவர்களுக்கு இது தெரியும். பந்தி முடிந்து, பாய் விரித்துப் படுத்த பிறகுதான் உண்மையான விருந்து தொடங்கும். இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் அதே வீட்டில் நடந்த ஒன்றை யாராவது ஒருவர் சொல்ல ஆரம்பிப்பார். இன்னொருவர் படுத்தபடியே திருத்துவார். மூன்றாமவர் எழுந்து நடித்தே காட்டுவார். வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு விடியற்காலையில்தான் கண்ணயர்வோம். அதே கதையை மறுவாரம் ஒருவர் எழுதிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பும்போது ஒருவரும் சிரிப்பதில்லை. கைகூப்பும் படங்கள் இரண்டு வரும், அத்துடன் சரி.

சொல்லும்போது உயிரோடு இருந்த கதை எழுதும்போது ஏன் செத்துப்போகிறது என்று நான் பல காலம் யோசித்திருக்கிறேன். எழுதுபவருக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்பது காரணம் அன்று. வாயால் சொல்லும்போது, யார் எங்கே படுத்திருந்தார்கள், எந்தக் கதவு தாழிட்டிருந்தது, யாருக்குக் காது மந்தம் என்பதெல்லாம் கேட்பவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். மீதியைச் சொல்பவரின் முகமும் குரலும் பார்த்துக்கொள்ளும். தாளில் இந்த இரண்டும் இல்லை. அந்தப் பள்ளத்தை நிரப்புவதற்காக எழுதுபவர் ‘சிரிப்போ சிரிப்பு’, ‘செம காமெடி’ என்ற சொற்களையும் ஆச்சரியக்குறிகளையும் அள்ளிக் கொட்டுகிறார். வாசிப்பவர் அந்த இடத்திலேயே விலகிவிடுகிறார்.

இதற்கு எனக்குக் கிடைத்த மருந்து ஓர் அமெரிக்கருடையது. ஜேம்ஸ் தர்பர் 1894-இல் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் பிறந்தவர். சிறுவயதில், தலையில் வைத்த ஆப்பிளை அம்பால் அடிக்கும் வில்லியம் டெல் விளையாட்டின்போது அண்ணன் விட்ட அம்பு அவருடைய ஒரு கண்ணைப் பறித்தது; மற்றொரு கண்ணும் நடுவயதில் மங்கிக்கொண்டே போய் ஏறக்குறைய முழுக் குருடானார். 1927-இல் ‘தி நியூயார்க்கர்’ வார இதழில் சேர்ந்து, 1961-இல் இறக்கும்வரை கதைகளும் கட்டுரைகளும் எழுதினார். கண் இடம் கொடுத்தவரை கேலிச்சித்திரங்களும் வரைந்தார். 1933-இல் வெளிவந்த ‘மை லைஃப் அண்ட் ஹார்ட் டைம்ஸ்’ என்ற சிறிய புத்தகத்தில் கொலம்பஸில் தாம் வளர்ந்த வீட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த வீட்டில் பெற்றோர், மூன்று பிள்ளைகள், மனத்தளவில் இன்னும் அமெரிக்க உள்நாட்டுப் போரிலேயே இருக்கும் ஒரு தாத்தா, வந்து தங்கும் உறவினர்கள், ஆளைக் கடிக்கும் நாய்கள் என எல்லோரும் இருக்கிறார்கள். ஒரு வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய வீட்டுப் பகுதியில், ஏழெட்டுப் புள்ளிகள் (தனித்தனிக் குடும்பங்கள்) சேர்ந்து வாழ்ந்ததைப் பார்த்த நமக்கு அந்த வீடு அந்நியமாக இருக்காது.

எதை எந்த வரிசையில் படிப்பது

எழுத உட்காருமுன் தர்பரின் மூன்று கட்டுரைகளைப் படியுங்கள். மூன்றும் மேலே சொன்ன ஒரே புத்தகத்தில் உள்ளன, ஒவ்வொன்றும் சில பக்கங்கள்தாம். முதலில் ‘தி நைட் தி பெட் ஃபெல்’ (கட்டில் விழுந்த இரவு). அடுத்து ‘யுனிவர்சிட்டி டேஸ்’. அதில் தாவரவியல் வகுப்பில் நுண்நோக்கி வழியே எல்லோருக்கும் தெரியும் செல் இவர் ஒருவருக்கு மட்டும் தெரிவதில்லை. ஆசிரியர் பொறுமை இழந்து, எல்லாத் திருகுகளையும் திருகிப் பார்க்கச் சொல்கிறார். கடைசியில் ஒருநாள் புள்ளிகளும் கோடுகளுமாக ஏதோ தெரிய, மகிழ்ச்சியோடு வரைந்து காட்டுகிறார். அவர் வரைந்தது கருவியில் பிரதிபலித்த தம்முடைய கண்ணை. கடைசியாக ‘தி கார் வீ ஹேட் டு புஷ்’ படியுங்கள். விளக்கு மாட்டாத மின்குழியிலிருந்து மின்சாரம் கண்ணுக்குத் தெரியாமல் வீடெங்கும் சொட்டிக்கொண்டிருக்கிறது என்று அஞ்சும் பாட்டி அதில் வருகிறார்.

ஒவ்வொன்றையும் இரண்டு முறை படிக்க வேண்டும். முதல் முறை சிரிப்பதற்கு. இரண்டாம் முறை பென்சிலோடு உட்கார்ந்து, எந்த வாக்கியத்தில் சிரித்தீர்களோ அதைக் கோடிட்டு, அது நகைச்சுவையாக இருக்கிறதா என்று தனியே எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. ‘அப்பா மேலே படுக்கப் போனார்’ என்பதுபோல் வெறும் தகவலாகவே இருக்கும். சிரிப்பு அதற்கு முந்தைய இரண்டு பக்கங்களில் சேமிக்கப்பட்டிருக்கும். எனக்குத் தர்பரைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்: அவர் வேடிக்கையாக எழுதுவதே இல்லை, கணக்கப்பிள்ளை பேரேடு எழுதுவதுபோல் எழுதுகிறார்.

வீட்டின் வரைபடம்

கட்டில் விழுந்த இரவுக் கதையின் எலும்புக்கூடு இதுதான். அப்பா ஒருநாள் நிம்மதியாக யோசிக்க வேண்டும் என்று மாடியறையில் படுக்கப் போகிறார். அங்கிருக்கும் பழைய கட்டில் ஆட்டம் காண்கிறது, அதன் கனமான தலைப்பலகை விழுந்து அவரைக் கொன்றுவிடும் என்று அம்மா தடுக்கிறார்; அவர் கேட்கவில்லை. வந்திருக்கும் உறவுக்காரப் பையன் ஒருவனுக்குத் தூக்கத்தில் தன் மூச்சு நின்றுவிடும் என்று பயம். தலைமாட்டில் கற்பூரத் தைலம் வைத்துக்கொண்டு படுக்கிறான். கதை சொல்லும் சிறுவன் படுத்திருப்பது ஓரத்தில் புரண்டால் கவிழ்ந்துவிடும் மடக்குக் கட்டில். இரவு இரண்டு மணி வாக்கில் அது கவிழ்கிறது. அதன் சத்தத்தைக் கேட்டு வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை நினைத்துக்கொண்டு எழுகிறார்கள். தலைப்பில் சொன்ன கட்டில் கடைசிவரை விழவே இல்லை.

இதில் தர்பர் முதலில் செய்யும் வேலை, யார் எந்த அறையில், யாருக்கு மேலே, எதற்கு எதிரே, நாய் எங்கே என்று வரிசையாகச் சொல்லிவிடுவது. அது கதையைத் தாமதப்படுத்தும் என்று நாம் நினைப்போம். உண்மையில், கலவரம் தொடங்கிய பிறகு ஒரு சொல்கூட விளக்கம் சொல்ல வேண்டியிராத வசதியை அது அவருக்குத் தருகிறது.

ஆகவே முதல் வேலையாக ஒரு தாளில் வீட்டை வரையுங்கள். நம் வீடுகள் இதற்கென்றே கட்டியவைபோல் இருக்கும்; முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக ஒரே நேர்கோட்டில் நீண்டு கிடக்கும். முகப்பு, வளவு, நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் அறைகள், இரண்டாம் கட்டு, அடுப்படி, தோட்டம் என்று ஒவ்வொன்றையும் கட்டமாகப் போட்டு, அன்றிரவு யார் எங்கே என்று பெயர் எழுதுங்கள். ஒருவர் இருந்த இடம் நினைவில்லை என்றால் ஊகிக்காமல் கேட்டு எழுதுங்கள். தரையையும் குறித்துக்கொள்ள வேண்டும்: ஆத்தங்குடித் தரைக்கல்லில் வெறுங்கால் சத்தமே செய்யாது, முற்றத்துக் கருங்கல்லில் ஒரு தேக்கரண்டி விழுந்தால் முகப்புவரை கேட்கும். கதைக்கு இது தேவைப்படும்.

எங்கள் வீட்டு இரவொன்றையே எடுத்துக்காட்டாகத் தருகிறேன். எனக்குப் பன்னிரண்டு வயது. ஐயாவுக்கு, அதாவது என் அப்பாவின் அப்பாவுக்கு, சாந்தி நடந்து முடிந்த இரவு. ஐயா முகப்பில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். அவருடைய ஆச்சி (நம் பக்கத்தில் அக்காளை அப்படித்தான் சொல்வோம்), எழுபதைத் தாண்டியவர், காது மந்தமானவர், முகப்பை அடுத்த முதல் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தார். என் தாயின் தம்பியான அம்மான் பட்டாலை என்னும் கூடத்தில். அப்பத்தாவும் மற்றப் பெண்களும் இரண்டாம் கட்டில். விருந்துக்குச் சோறு வடித்த பித்தளை அண்டாவைக் கழுவி முற்றத்தின் மேல்படியில் சாய்த்து வைத்திருந்தார்கள். நான் வளவின் தெற்கு மூலையில் இருந்தேன். எனக்குத் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

இதில் சிரிக்க எதுவுமில்லை என்பதைக் கவனியுங்கள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம்

அடுத்தது இந்தக் கலையின் நடுத்தண்டு. இங்கே அவசரப்படக் கூடாது. வீட்டுக் கதைகளை எழுதும் பலர் பெரியவர்களை முட்டாள்களாக்கிச் சிரிக்கப் பார்க்கிறார்கள். குளிர்பதனப் பெட்டியைப் பார்த்துப் பயந்த அப்பத்தா, செல்பேசியைத் தலைகீழாகப் பிடித்த ஐயா என்று வரிசையாக வரும். ஒருமுறை சிரிக்கலாம், இரண்டாம் முறை எழுதியவர்மீது எரிச்சல்தான் வரும்.

மின்சாரம் சொட்டுகிறது என்று நம்பிய பாட்டியைத் தர்பர் ஒருபோதும் முட்டாள் என்று சொல்லவில்லை. அந்த நம்பிக்கையை உண்மையாக வைத்துக்கொண்டால் அடுத்து என்ன செய்வது அறிவுள்ள செயலோ அதையே பாட்டி செய்கிறார்: வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்து, விளக்கில்லாத குழிகளில் விளக்கைத் திருகி, எரியாதபடி அணைத்துவிட்டு, விலையுயர்ந்ததும் ஆபத்தானதுமான ஒரு கசிவைத் தடுத்த நிம்மதியோடு தம் பத்திரிகையைப் படிக்கப் போய்விடுகிறார். தொடக்கத்தில் ஒரே ஒரு பிழை. அதற்குப் பிறகு எல்லாம் சுத்தமான தர்க்கம். திருடர்கள் வந்து மயக்கமருந்தை ஊதிவிடுவார்கள் என்று அஞ்சும் ஓர் அத்தையும் அந்த வீட்டுக்கு உண்டு. அவர் இரவுதோறும் தம் பணத்தையும் வெள்ளிப் பாத்திரங்களையும் அறைவாசலுக்கு வெளியே குவித்து, ‘என்னிடம் இருப்பது இவ்வளவுதான், எடுத்துக்கொள்ளுங்கள், மருந்தை மட்டும் ஊதாதீர்கள்’ என்று சீட்டு எழுதி வைப்பார். திருட்டைப் பற்றி இவ்வளவு தெளிவாக யோசித்த இன்னொருவரை நான் இலக்கியத்தில் பார்த்ததில்லை.

எனவே வரைபடத்தில் பெயர் எழுதிய ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் இரண்டு வரி எழுதுங்கள்: அன்றைக்கு அவர் எதற்காகப் பயந்துகொண்டிருந்தார், எதை விரும்பிக்கொண்டிருந்தார். ‘கோபக்காரர்’, ‘கஞ்சர்’ என்ற குணப்பெயர்கள் வேண்டாம். அவற்றால் ஒரு பயனும் இல்லை. என் தாளில் இப்படி இருந்தது. அம்மான் அந்த வீட்டுக்குப் பெண் கொடுத்த வீட்டுக்காரர். எந்தக் குறையும் தம்மால் வந்துவிடக் கூடாது என்று நினைப்பவர். தலையணைக்கடியில் ஐந்து கட்டை டார்ச் வைத்திருந்தார். ஐயாவின் ஆச்சி அன்றிரவு, வைத்தியர் கூடாதென்று சொல்லியிருந்தும், பால் பணியாரம் ஐந்து சாப்பிட்டார். ஐயா அதை எண்ணிக்கொண்டிருந்தார். அப்பத்தாவுக்கு, மூன்று நாளாக எல்லோரும் ஐயாவை உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றியும் மாலை போட்டும் படுத்திய பாட்டில் அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற கவலை. இந்தக் கடைசி வரியை நான் யாரையும் கேட்காமல் எழுதினேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தர்பரிடம் பின்பற்றக் கூடாதவையும் உண்டு. கணவனை மிரட்டும் பெருத்த மனைவி என்ற ஒரே சித்திரத்தை அவர் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார். நான்காவது முறை அது சலித்துவிடுகிறது. வீட்டுவேலை செய்த கறுப்பினப் பெண்களின் உச்சரிப்பை வைத்து அவர் எழுதிய பக்கங்களை இன்றைக்குப் படிக்கவே கூசுகிறது. நியாயம் கற்பிக்கும் தம்முடைய வித்தையை அவர் அந்தப் பெண்களுக்கு மட்டும் செய்யவில்லை என்பதுதான் கோளாறு. நம் வீட்டுக் கதைகளில் சமையற்காரரும் வண்டிக்காரரும் மேல்வேலை பார்த்தவர்களும் கட்டாயம் வருவார்கள். அவர்களுக்கும் அதே இரண்டு வரி எழுத முடியவில்லை என்றால் அவர்களைக் கதைக்குள் இழுக்காதீர்கள்.

சங்கிலியைக் கோப்பது

இடமும் நியாயமும் கையில் இருந்தால், நிகழ்ச்சிகளை நடந்த வரிசையில் சொல்லிவிட்டுப் போவதே போதும். ஒவ்வொரு கண்ணியும் முந்தையதைத் தவறாகப் புரிந்துகொண்டதால் வர வேண்டும். தர்பரின் கதையில் மாடிக் கதவைத் தட்டும் சத்தத்தில் விழித்த அப்பா, வீடு தீப்பற்றிவிட்டதென்று எண்ணித் தூக்கக் கலக்கத்தில் ‘வருகிறேன், வருகிறேன்’ என்று இழுத்துச் சொல்கிறார். கட்டில் அவர்மேல் விழுந்துவிட்டதென்று உறுதியாக நம்பும் அம்மா, அந்த ஈனக்குரலைக் கேட்டு அவர் சாகிறார் என்று அலறுகிறார். இருவருமே காதில் விழுந்ததற்கு நேர்மையாகத்தான் நடந்துகொள்கிறார்கள்.

எங்கள் வீட்டில் நடந்தது இது. இருட்டில் என் கால் அண்டாவில் இடித்தது. அது மேல்படியிலிருந்து முற்றத்தில் இறங்கி, கருங்கல்லில் ஒரு வட்டம் சுற்றி, இரண்டாம் கட்டுப் பக்கம் உருளத் தொடங்கியது. அம்மான் எழுந்து டார்ச்சை அடித்தார். உருண்டு வருவது என்னவென்று கண்டார். அந்தப் பக்கம் பெண்கள் படுத்திருக்கிறார்களே என்று எச்சரிப்பதற்காக ‘அண்டா, அண்டா’ என்று கத்தினார். நான்கு பக்கமும் எதிரொலிக்கும் வளவில் அது அப்பத்தாவுக்கு ‘ஆண்டவா, ஆண்டவா’ என்று கேட்டது. முகப்புப் பக்கமிருந்து ஆண்குரல் ஒன்று நள்ளிரவில் ஆண்டவனைக் கூப்பிட்டால் அதற்கு ஒரே பொருள்தான். அப்பத்தா எழுந்து உட்கார்ந்து, ‘ஐயோ, என்னைய விட்டுட்டு எங்கே போறே’ என்று ஒப்பாரியைத் தொடங்கினார். அந்த ஒப்பாரியில் விழித்த ஐயா, பணியாரம் ஐந்து என்ற கணக்கை நினைத்தார். தம் ஆச்சி போய்விட்டார் என்று முடிவுகட்டி, அவருடைய அறைவாசலில் நின்று கதவைத் தட்டி அழுதார். காது மந்தமான ஆச்சிக்கு அண்டாவும் கேட்கவில்லை, ஒப்பாரியும் கேட்கவில்லை. கதவு அதிர்ந்ததை மட்டும் உணர்ந்து திறந்தார். வாசலில் தம்பி அழுதுகொண்டு நிற்பதைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. அறுபது வருடமாகத் தம்பி அழுதால் கூட அழுதவர் அவர். இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

நான் அண்டாவைப் பிடித்து நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

இதை எழுதும்போது நான் நான்கு இடங்களில் அடைமொழிகளை வெட்டினேன். ‘பயங்கரச் சத்தத்துடன்’ உருண்ட அண்டா, வெறுமனே ‘உருளத் தொடங்கியது’. கருங்கல் என்று முன்பே சொல்லியாயிற்று, சத்தத்தை வாசிப்பவரே கேட்டுக்கொள்வார். பழமொழியையும் எடுத்துவிட்டேன். ‘அரண்டவன் கண்ணுக்கு’ என்று தொடங்க எனக்குக் கை துறுதுறுத்தது. அதை எழுதியிருந்தால் கதை முடிந்துபோயிருக்கும். கதை சொல்பவர் கடைசிவரை தாம் ஒரு விபத்து அறிக்கை எழுதுவதாகவே பாவிக்க வேண்டும். பேச்சை மட்டும் பேசியபடியே விடுங்கள்: ‘வந்தாக’, ‘போனாக’ என்று நம் பக்கத்து வழக்கு போதும், ஒவ்வொரு எழுத்தையும் சிதைத்து எழுதினால் வாசிப்பவருக்கு எழுத்துக்கூட்டவே நேரம் போய்விடும்.

எவ்வளவு பழைய சம்பவத்தை எடுப்பது என்ற கேள்வி எழும். நகைச்சுவை என்பது மனக் கொந்தளிப்பை அமைதியான நேரத்தில் நினைத்துப் பார்ப்பது என்ற பொருளில் தர்பர் சொன்னதுண்டு. 1933-இல் அவர் எழுதிய வீட்டுக் கலவரங்கள் பெரும்பாலும் இருபது ஆண்டுகளுக்கு முந்தியவை. கொலம்பஸை மூழ்கடித்த 1913-ஆம் ஆண்டு வெள்ளத்தின்போது, அணை உடைந்துவிட்டது என்ற வதந்தியை நம்பி ஊரே கிழக்கு நோக்கி ஓடியதும் அதில் ஒன்று. என் கணக்குப்படி பத்து ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். பாகப்பிரிவினை இன்னும் முடியாத வீட்டுக் கதைகளை இப்போதைக்கு எழுத வேண்டாம். அவற்றில் ஒருவரும் சிரிக்கமாட்டார்கள்.

வால்டர் மிட்டியைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனெனில் தர்பர் என்றதும் பலருக்கு அந்தப் பெயர்தான் தெரியும். 1939-இல் வந்த அந்தச் சிறுகதையில், மனைவி சொன்னபடி மழைக்காலணியும் நாய் பிஸ்கட்டும் வாங்க வந்த ஒருவர், இடையிடையே கடற்படைத் தளபதியாகவும் அறுவை மருத்துவராகவும் பகற்கனவு காண்கிறார். அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஓசை. பல கனவுகளில் ஏதோ ஓர் இயந்திரம் ‘பாக்கெட்டா பாக்கெட்டா’ என்று ஒரே மாதிரி சத்தமிடும். அந்த ஒலி வந்ததும் வாசிப்பவர் சிரிக்கத் தயாராகிவிடுவார். தமிழில் இரட்டைக்கிளவிக்குப் பஞ்சமில்லை. ஒரு கதைக்கு ஒன்றே ஒன்றைத் தேர்ந்து, மூன்று முறை மட்டும் பயன்படுத்துங்கள்.

கூடவே படமும் வரைய நினைத்தால்

வரையத் தெரியாது என்பவர்களுக்குத்தான் இந்தப் பகுதி. நன்றாக வரையத் தெரிந்தவர்களுக்குத் தர்பரால் பயனில்லை. அவருடைய மனிதர்கள் எலும்பில்லாதவர்கள். வேகவைக்காத பிஸ்கட்டைப் போலிருக்கிறார்கள் என்று எழுத்தாளர் டோரதி பார்க்கர் எழுதினார். அலுவலக அறையில் தர்பர் பென்சிலால் கிறுக்கிக் குப்பையில் போட்டவற்றை, உடன் பணியாற்றிய ஈ.பி. ஒயிட் பொறுக்கி எடுத்து, 1929-இல் இருவரும் சேர்ந்து எழுதிய நூலில் சேர்த்தார். ஒருநாள் தர்பர் நிழல் தீட்டிப் பழகுவதைக் கண்ட ஒயிட், ‘அதைச் செய்யாதே, நன்றாக வரைய ஆரம்பித்தால் நீ சுமாரான ஓவியனாகிவிடுவாய்’ என்று தடுத்ததாகத் தர்பரே சொல்லியிருக்கிறார்.

பிழையை வைத்துக்கொண்டு முன்னே போவதுதான் அவருடைய முறை. 1932-இல் பாறைமேல் அமர்ந்த கடல்நாய் ஒன்றை வரையப் போனார். பாறை சரியாக வராமல் கட்டிலின் தலைப்பலகையைப் போலிருந்தது. உடனே கீழே ஒரு கட்டிலையும் அதில் ஒரு கணவன் மனைவியையும் வரைந்தார். ‘சரி, உன் விருப்பப்படியே இருக்கட்டும், நீ கடல்நாய் குரைத்ததைத்தான் கேட்டாய்’ என்று மனைவி எரிச்சலோடு சொல்கிறாள். தலைக்குமேல் கடல்நாய் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு படத்தில், புத்தக அலமாரியின் உச்சியில் ஒரு பெண் நான்கு காலில் பதுங்கியிருக்க, கீழே நிற்பவர் விருந்தினருக்கு ‘மேலே இருப்பது என் முதல் மனைவி, இவர் இப்போதைய மனைவி’ என்று அறிமுகம் செய்கிறார். இதழாசிரியர் ஹரால்ட் ராஸ், அலமாரி மேலிருப்பவள் உயிரோடிருக்கிறாளா, இறந்தவளா, பஞ்சடைத்து வைத்ததா என்று தர்பரை விசாரித்தார். பெண்ணைப் பஞ்சடைக்க முடியாது, இறந்தவளால் கைகால் ஊன்றி நிற்க முடியாது, ஆகவே உயிரோடுதான் இருக்க வேண்டும் என்று தர்பர் பதில் தந்தார். ஆசிரியரும் ஒருவகையில் தர்பரின் பாத்திரமாகிவிட்டார் பாருங்கள்.

செய்முறை எளிது. நடுவீட்டுக் கோலம் போட்ட கைக்கு ஒரு கோட்டை எங்கே நிறுத்துவது என்று தெரியும். அந்தக் கை போதும். அழிப்பானைப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஓர் ஆளுக்குப் பத்துக் கோட்டுக்கு மேல் வேண்டாம். யார் என்று அடையாளம் தெரிய ஒரே ஒரு பொருளைக் கொடுங்கள்: அம்மானுக்கு டார்ச், ஐயாவுக்குத் தோளில் துண்டு. படத்தின் கீழே எழுதுவது யாரோ ஒருவர் பேசும் பேச்சாக இருக்க வேண்டும். படத்தில் தெரிவதையே திரும்பச் சொல்லக் கூடாது. முற்றத்தில் அண்டா உருளும் படத்துக்கு ‘அண்டா உருண்டது’ என்று எழுதாதீர்கள். ‘பணியாரம் எத்தனை சாப்பிட்டீக?’ என்று ஐயா கேட்பதாக எழுதுங்கள்.

பார்வை மங்கியபின் தர்பர் உருப்பெருக்கி மாட்டிக்கொண்டு பெரிய தாள்களிலும், பிறகு கறுப்புத் தாளில் வெள்ளைச் சுண்ணக்கட்டியாலும் வரைந்தார். 1950-களின் தொடக்கத்தில் அதையும் விட்டுவிட வேண்டியதாயிற்று. எழுதுவதை மட்டும் விடவில்லை. வாக்கியங்களை மனத்திலேயே திருத்திவைத்து, வாயால் சொல்லி எழுதவைத்தார். பேனா பிடிக்க முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்: செல்பேசியின் ஒலிப்பதிவை ஓடவிட்டு அவர்களைப் பேசவிடுங்கள், குறுக்கே பேசாதீர்கள், ‘அப்புறம்?’ என்றுகூடக் கேட்காதீர்கள். அவர்கள் நிறுத்தி யோசிக்கும் இடத்தில்தான் ஆளுடைய பெயரும் பாத்திரத்தின் அளவும் நினைவுக்கு வரும்.

அங்கே இருந்தவரிடம் படித்துக் காட்டுவது

அச்சுக்கோ குழுவுக்கோ அனுப்புமுன், அன்றிரவு அந்த வீட்டில் இருந்த ஒருவருக்காவது உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். அவர் எங்கே சிரிக்கிறார் என்று பார்ப்பது பாதிப் பயன்தான். எங்கே கையை உயர்த்தி நிறுத்துகிறார் என்று பாருங்கள்.

நான் அண்டாக் கதையை எழுதி முடித்தபோது ஐயாவும் அவருடைய ஆச்சியும் இல்லை. அப்பத்தாவுக்கு எண்பது கடந்திருந்தது. ஒரு மத்தியானம் சாப்பாட்டுக்குப் பின் வளவுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவரிடம் படித்துக் காட்டினேன். அம்மானின் டார்ச்சுக்குத் தலையாட்டினார். பணியாரத்துக்கு, ‘ஐந்தில்லை, ஆறு’ என்றார். அம்மான் கத்தியது ‘ஆண்டவா’ என்று கேட்டது என்ற வரிக்கு வந்ததும் கையை உயர்த்தினார்.

‘ஆண்டவான்னு யாரு சொன்னாக?’

‘உங்களுக்கு அப்படிக் கேட்டுச்சுன்னு.’

‘எனக்குக் காது நல்லாத்தானே இருந்துச்சு. அண்டான்னுதான் கேட்டுச்சு.’

அப்படியென்றால் ஏன் அழுதீர்கள் என்று கேட்டேன். என்னைப் பார்த்த பார்வையில், இத்தனை வருடம் படித்து என்ன பயன் என்பது இருந்தது.

‘எங்க ஆத்தா சீருக்குக் குடுத்த அண்டாடா அது. விளிம்புல எம் பேரு வெட்டியிருக்கும். அது உருண்டு போறப்ப நான் அழாம வேற யாரு அழுவாக?’